நாவற்குழியில் ஒரு பிடி நாவற்பழம்

சென்ற ஆடித் திங்களில் ஒருநாட் காலை, மாணாக்கர் சிலருடன் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே நாவற்குழி நோக்கிச் சைக்கிளிற் புறப்பட்டோம். மாம்பழம் சந்தியைக் கடக்கையில், “ஐயா, றாஸ்பெரிப் பழம் உடலுக்கு மிக நல்லதாமே, அது இங்கே விளையாதா?” என்று ஒருவன் வினவினான். மாம்பழத்தின் பெயரால் அமைந்த சந்தியிலே, நாவலின் பெயர் தாங்கிய ஊருக்குப் போகும் வழியிலே எழுந்த அவ்வினா எம்மை நகைக்கவும் சிந்திக்கவும் வைத்தது.

றாஸ்பெரி குளிர்நாட்டுக் கனி. நுவரெலியா மலைப்புறத்தில் அதன் இனச்செடிகள் வளர்வதுண்டு. யாழ்ப்பாணத்து வெயில் அதற்கு ஒவ்வாது. அப்பழம் 100 கிராமில் ஏறத்தாழ 6.5 கிராம் நார்ப்பொருளும், 26 மில்லிகிராம் விற்றமின் சி-யும் உள. அதற்குச் செந்நிறம் தருவது அந்தோசயனின் என்னும் நிறப்பொருள். நார்ப்பொருள் மலச்சிக்கலைத் தவிர்க்கும். உணவிலுள்ள சர்க்கரை குருதியிற் சேரும் விரைவைத் தணிக்கும்.

செம்மணி வெளியைத் தாண்டிப் பாலத்தைக் கடந்ததும், வீதியோரத்தில் ஓர் ஆச்சி கடகத்தில் நாவற்பழம் வைத்திருந்தார். வாங்கிய பழங்களிற் சில மண்ணில் உருள, மாணாக்கர் எடுத்து ஊதினர். “சுட்டதோ?” என்று நாம் கேட்க, ஒளவையார் கதை நினைவுக்கு வந்து யாவரும் சிரித்தனர். சிரித்த வாய்களிலே நாவெல்லாம் ஊதா நிறம்! “நீ தேடிய அந்தோசயனின் உன் நாவிலேயே இருக்கிறது” என்றோம். விற்றமின் சி நாவலிற் சற்றுக் குறைவே. ஆயினும் நம் வளவுக் கொய்யாவில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 228 மில்லிகிராம் உண்டு. றாஸ்பெரியினும் எட்டு மடங்குக்கு மேல்.

ஒன்று கூறவேண்டும். நீரிழிவுக்கு நாவற்கொட்டைத் தூள் போதும் என்று நம்பி மருந்தை நிறுத்திய எம் நண்பர் ஒருவர், காற்புண் ஆறாது பல மாதம் வருந்தினார். கனி நல்லுணவு, மருத்துவர் தரும் மருந்துக்கு அது ஈடாகாது.

விடைபெறுகையில் ஆச்சி, “தம்பியவை, எங்கட வளவில மிஞ்சினது இந்த ஒரு மரந்தான். மற்றதெல்லாம் மதில் கட்டத் தறிச்சுப் போட்டினம்” என்றார். மாணாக்கர் சிரிப்பு அடங்கிற்று.

நாவல் விதை உலர்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். சில நாட்களுக்குள் ஊன்றவேண்டும். விதையிலிருந்து வளரும் மரம் காய்க்க எட்டுப் பத்தாண்டு செல்லலாம். இதனைச் சொன்னதும், றாஸ்பெரியை வினவிய மாணவன் துப்பிய கொட்டைகளைப் பொறுக்கித் தன் இலேஞ்சியில் முடிந்துகொண்டான். அவன் ஊன்றும் மரத்தில் அவன் பிள்ளைகள் பழம் பொறுக்குவர். நாமும் நம் வளவில் ஒரு விதை ஊன்றுவோமாக. நாவல் பெயரளவில் மட்டும் எஞ்சுதல் ஆகாது.