சமதளத்தில் மிதிக்கும் சாதகம்

மோட்டார் நுழையாத பாதையில் சைக்கிள் ஓட்டுவதற்கு என்ன தேர்ச்சி வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் ஏறுகிறவனுடைய பலத்தையும், நகரத்து நெரிசலில் லாரிகளுக்கிடையே வண்டியைச் செலுத்துகிறவனுடைய சாமர்த்தியத்தையும் மெச்சுகிற அவர்கள், பிரான்ஸ் தேசத்துக் கிராமப்புறத்தில் கால்வாய்க் கரையோரமாகவும், தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட பழைய இரயில் தடங்களின் மேலும் மூட்டை முடிச்சுகளோடு நாள் முழுவதும் நிதானமாகப் போகிறவனை, காற்று வாங்க வந்தவன் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பல கோடைகாலங்களை இந்தப் பாதைகளிலேயே கழித்தவன் என்ற முறையில், அந்த எண்ணம் பிசகு என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சங்கீத வித்துவான்கள் செய்வது போன்ற சாதகம் சமதளத்துக்கும் உண்டு. அது கைகூட நாளாகிறது.

இந்தப் பாதைகளை வகுத்தவர்கள் சைக்கிளை மனத்தில் வைத்து வகுக்கவில்லை. பாரம் இழுப்பதற்காக வகுத்தார்கள். 1879-ஆம் ஆண்டு வாக்கில் பொதுப்பணி மந்திரியாக இருந்த ஷார்ல் த ஃப்ரெய்சினே, தேசத்தின் சிற்றூர்களுக்கெல்லாம் இரயில் போய்ச் சேரவேண்டும் என்று பெருந்திட்டம் ஒன்றை ஏற்படுத்தியதன் பயனாக, மேய்ச்சல் நிலங்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் நடுவே எண்ணற்ற கிளைப் பாதைகள் தோன்றின. பாரம் ஏற்றிய நீராவி எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் திணறிப் போகுமாதலால், குன்றை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும், பெரும்பாலும் நூறடி தூரத்துக்கு மூன்றடிக்கு மேல் உயராதபடி தடங்களை அமைத்தார்கள். பிற்காலத்தில் பஸ்ஸும் லாரியும் பெருகி இந்தச் சிறிய இரயில்களின் ஜீவனத்தைக் கெடுத்தன. தண்டவாளங்கள் பழைய இரும்பாயின. ஸ்டேஷன் கட்டிடங்கள் ஊர்ப் பெயரைச் சுவரில் சுமந்தபடி பூட்டிக் கிடந்தன. எந்த மோட்டாரினால் அவை கைவிடப்பட்டனவோ, அந்த மோட்டாரின் இரைச்சலுக்குத் தப்பி வருகிறவர்களுக்கே அவை இன்று புகலிடமாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெரிய ஆறுதல் உண்டாகிறது. புர்கோன் பிரதேசத்தில் ழிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரையில் 44 கிலோமீட்டர் தூரத் தடம் மோட்டார் நுழையாத பாதையாக மாற்றப்பட்டு, 1997-இல் பிரான்ஸின் முதலாவது பசும்பாதையாகத் திறக்கப்பட்டது.

இரயில் தடத்தின் குணம் முதல் நாளில் புலப்படாது. ஒருபுறம் திராட்சைத் தோட்டங்களும் மறுபுறம் வெண்ணிறமான ஷரோலே மாடுகள் மேயும் புல்வெளிகளுமாகக் கண்ணுக்கு எல்லாம் மட்டமாகவே தோன்றும். ஆனால் நெடுநேரம் மிதித்த பிறகு, காரணம் தெரியாமல் மூச்சுக் கனப்பதையும், கூட வருகிறவரோடு பேச்சு அற்றுப் போவதையும் பிரயாணி உணர்வான். காற்று எதிர்க்கவில்லை, டயரிலும் குறைவில்லை, நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற விகிதத்தில் தடமானது பார்வைக்கு அகப்படாமல் கிலோமீட்டர் கணக்கில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மலைப்பாதையானால் ஏற்றத்துக்குப் பின் இறக்கம் வந்து கால்களுக்கு ஓய்வு கொடுக்கும். இங்கே இறக்கமும் சொற்பமே ஆகையால் அதிலும் மிதித்தாகவேண்டும். ஆகவே, காலை முதல் மாலை வரையில் கால்கள் தாங்கக்கூடிய கதி எது என்று கண்டு, நிமிஷத்துக்கு எழுபது எண்பது சுற்று என்ற அளவில் அதை நிலைநிறுத்தி, ஏற்றம் என்று சந்தேகம் தோன்றிய மாத்திரத்தில் கதியை விடாமல் கியரை மட்டும் ஒரு படி தணித்து, தடம் மட்டமானதும் மறுபடி உயர்த்தி, அந்த மாறுதலை உடம்பு அறியாதபடி செய்துகொண்டு போவதே இந்தப் பிரயாணத்தின் பாலபாடம். பழகப் பழகக் கண்ணுக்குத் தெரியாத ஏற்றமும் பாதத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

கியர்களின் பெருமையைப் பிரயாணிகளுக்கு எடுத்துச் சொல்லி ஓயாமல் பிரசாரம் செய்தவர், வெலோசியோ என்ற புனைபெயரால் பிரசித்தி பெற்ற போல் த விவி. 1853-இல் பிறந்து, ஸேன்-எத்தியேன் நகரத்தில் வாழ்ந்து, 'லெ சிக்லிஸ்த்' என்ற பத்திரிகையை நடத்தி, 1930-இல் காலமான அவரைச் சைக்கிள் சுற்றுலாவின் பிதா என்று பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். பல்சக்கரங்களுக்கிடையே சங்கிலியை மாற்றும் கருவியை உபயோகிப்பது கோழைத்தனம் என்று பந்தய உலகம் கருதிய காலம் அது. டூர் த பிரான்ஸ் பந்தய வீரர்கள் எல்லோருக்கும் அது அனுமதிக்கப்பட்டது 1937-இல்தான். பசி எடுக்குமுன்பே உண்ணவேண்டும், தாகம் எடுக்குமுன்பே பருகவேண்டும், பிறர் மெச்சவேண்டும் என்பதற்காக ஒருபோதும் மிதிக்கக்கூடாது என்பவை வெலோசியோ வகுத்த நியமங்களில் சில. கடைசியாகச் சொன்னதை நான் எல்லாவற்றிலும் மேலானதாகக் கருதுகிறேன்.

கால்வாய்க்கரை வேறு சுபாவம் உடையது. படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கரைப்பாதையே இப்போது சைக்கிள் பாதையாகியிருப்பதால், படகை மேலேற்றவும் கீழிறக்கவும் கட்டிய ஒரு மதகுக்கும் அடுத்த மதகுக்கும் இடையில் நீர் எவ்வளவு மட்டமோ பாதையும் அவ்வளவு மட்டம். உயர வேண்டியதை எல்லாம் மதகின் அருகிலேயே குறுகிய சரிவாக உயர்ந்துவிடும். ஆசனத்தைவிட்டு எழுந்து நின்று மிதித்து, மரத்துப்போன கைகளையும் இடுப்பையும் சரிசெய்துகொள்ள இந்தச் சரிவுகளே சந்தர்ப்பம். அனுபவம் உள்ளவர்கள் அதை நழுவ விடுவதில்லை. நாந்த் நகரத்திலிருந்து பிரெஸ்ட் நோக்கி 364 கிலோமீட்டர் செல்லும் கால்வாயில் இந்த முறையை நன்றாகப் பயிலலாம். ஆங்கிலேயக் கப்பற்படை கடலை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், உள்நாட்டு வழியாகவே பிரெஸ்ட் துறைமுகத்துக்குச் சாமான் அனுப்பவேண்டும் என்று நெப்போலியன் காலத்தில் 1811-இல் தொடங்கிய வேலை, அவன் வீழ்ந்து நெடுங்காலம் சென்று 1842-இல்தான் பூர்த்தியாயிற்று. க்ளொமெல் என்ற இடத்தில் மேட்டுநிலத்தைப் பிளந்து செல்லும் ஆழமான வெட்டைத் தோண்டியவர்கள் சிறைக் கைதிகள். இருபுறமும் மரம் அடர்ந்து, நீர் அசையாமல் நிற்கும் அந்த வெட்டின் ஓரமாகப் போகும்போது, இந்தச் சுகமான சமதளம் எத்தனை பேருடைய கைவலியால் உண்டானது என்பதை நினையாமல் போக என்னால் முடிந்ததில்லை.

தெற்கே, துலூஸிலிருந்து கடலோரத்து ஏரி வரை 240 கிலோமீட்டர் ஓடும் 'கனால் து மிதி' என்ற கால்வாய், பியர்-போல் ரிக்கே என்பவருடைய முயற்சியால் 1666-க்கும் 1681-க்கும் இடையில் வெட்டப்பட்டது. அதன் கீர்த்திக்கு நீர் மட்டுமல்ல, கரையிலிருந்த ஏறக்குறைய 42,000 பிளாத்தான் மரங்களும் காரணம். அந்த மரங்களை 2006-இல் ஒரு பூஞ்சான் நோய் பற்றியது. அதற்கு மருந்து இல்லாமையால் ஆயிரக்கணக்கில் வெட்டி எரிக்க நேர்ந்து, இப்போது வேறு இனத்து மரங்களை நட்டு வளர்க்கிறார்கள். துலூஸை அடுத்துச் சுமார் 50 கிலோமீட்டர் வரை தார் போட்ட பாதை. அதற்கப்பால் பல இடங்களில் வேர்கள் புடைத்தெழுந்த ஒற்றையடிப்பாதைதான். அங்கே பார்வை நீரின்மேல் லயித்துவிடாமல் சக்கரத்துக்குப் பத்தடி முன்பாகவே நிற்கவேண்டும்.

வண்டியைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதைகள் பலவற்றில் தார் இல்லை; கெட்டித்த பொடிக்கல்லே பரப்பியிருக்கிறது. ஒல்லியான டயர் அதில் அலையும். நாற்பது மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் வண்டி நிலைத்து ஓடும். மழை பெய்துவிட்டால் அந்தப் பொடி வெண்குழம்பாகிச் சங்கிலியில் ஒட்டிக் காய்ந்து இறுகிவிடுமாகையால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்று மாலையே கழுவித் துடைத்து எண்ணெய் இடவேண்டும். சிறிய விளக்கு ஒன்று கோடையிலும் பையில் இருப்பது நலம். க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் என்ற இடத்தில் 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய இரயில் சுரங்கம் குறுக்கிடுகிறது, வெயிலில் வியர்த்து வருகிறவன் வாசலில் நின்று மேல்சட்டையை மாட்டிக்கொள்ளாமல் உள்ளே போகக்கூடாது, அவ்வளவு குளிர். அதனுள் வௌவால்கள் உறங்கும் பருவமாகிய குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள். மனிதர் சுற்றுவழியாகப் போகலாம், வௌவாலுக்கு வேறு இடம் இல்லை என்ற இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் போற்றுகிறேன்.

பாதையிலேயே போய்ப் பாதையிலேயே திரும்புகிறவன் கிராமத்தைக் கண்டவனாகமாட்டான். சரிவை அஞ்சி ஒதுங்கிய இரயிலின் ஸ்டேஷன் தாழ்வில் இருக்க, ஊர் பெரும்பாலும் மேட்டின்மேல் மாதாகோவிலைச் சுற்றி இருக்கிறது. பகலில் ஒருமுறையேனும் தடத்தை விட்டு, மோட்டார்கள் அருமையாகவே வரும் சிறு சாலை வழியாக ஏறிப் போகவேண்டும். ரொட்டிக்கடைகள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும், நடுப்பகலிலும் கதவடைத்துவிடும், ஆகவே காலையிலேயே வாங்கிக்கொள்வது உத்தமம். கடையே இல்லாத ஊரானால் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். பூச்செடிகளுக்காக வைத்த குழாய் அங்கே இருக்கும். குடிக்கத் தகாதது என்று எழுதியிராவிட்டால் அந்த நீரைப் பாட்டிலில் நிரப்பிக்கொள்வது பிரயாணிகளின் நெடுநாள் வழக்கம்.

இந்தப் பாதைகளில் அண்மைக் காலமாகத் தலைகுனிந்து, மணியும் அடிக்காமல் பாய்ந்து செல்கிறவர்கள் மிகுந்துவருகிறார்கள். தூண்டிலைப் பாதைக்குக் குறுக்கே நீட்டியபடி உட்கார்ந்திருக்கும் கிழவரும், முதல் சைக்கிளில் தள்ளாடும் குழந்தையும் அவர்களுக்குத் தடைகளாகத் தோன்றுகிறார்கள். பசும்பாதையைப் போக்குவரத்துச் சட்டத்தில் சேர்த்த 2004-ஆம் ஆண்டு ஆணை, அதை மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும், நடப்பவர்களுக்கும், குதிரையில் வருகிறவர்களுக்கும் பொதுவாக ஒதுக்கியது. வேகம் வேண்டுகிறவர்களுக்குப் பிரான்ஸில் அருமையான மலைச்சாலைகள் ஏராளமாக இருக்கின்றன. அவர்கள் அங்கே போகட்டும். கால்வாய்க்கரைக்கு வருகிறவர்கள் தூரத்திலேயே மணி அடித்து, கதியைக் குறைத்து, 'போன்ழூர்' என்று முகமன் கூறிக் கடந்து போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.