வேண்டாத சதை

புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டிய கனகசெட்டிக்குளத்தில் என் தங்கை வீடு. போன மாதம் அங்கே போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் தன் பேரனை இழுத்து வந்து நிறுத்தினாள்.

"வாயைத் திறடா, தாத்தாவுக்குக் காட்டு!"

ஆறு வயதுப் பையன் திறந்தான். உள்நாக்குக்கு இரு புறமும் இலந்தைப் பழம் போல இரண்டு சிவந்த உருண்டைகள்.

"தொண்டையிலே சதை வளர்ந்திருக்கு, அண்ணே. அடிக்கடி காய்ச்சல். வேண்டாத சதைதானே, எடுத்துடலாமான்னு யோசிக்கிறோம்."

கதை எழுதுகிறவனிடம் வைத்தியம் கேட்பது நம் நாட்டில் சகஜம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தகுதி உண்டு: எனக்கு டான்ஸில் கிடையாது. 1957-ல் என் அண்ணனுக்கு அதை எடுத்தார்கள். துணைக்குப் போனவன் நான். "வந்ததுதான் வந்தான், இவனையும் பார்த்துவிடலாம்" என்றார் டாக்டர். பார்த்தார், எடுத்துவிட்டார். ஐஸ்கிரீம் தருவதாகச் சொன்னார்கள், கஞ்சிதான் கிடைத்தது.

வெகு காலம் கழித்து, 1934-ல் வெளியான ஒரு கணக்கைப் படித்தேன். நியூயார்க்கில் 11 வயதுப் பிள்ளைகள் 1,000 பேரைப் பார்த்தார்களாம். 611 பேருக்கு ஏற்கெனவே டான்ஸில் எடுத்தாயிற்று. மிச்சம் 389 பேரில் 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். தப்பிய 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினால், அவர்களிலும் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை காட்டியபோது, எஞ்சியவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கத்தி! கடைசியில் மிஞ்சியவர்கள் 65 பேர். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

அது வேண்டாத சதை அல்ல. மூச்சும் சோறும் போகும் வாசலில் இருக்கிற காவல் சாவடி. அதன் மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். அவற்றில் விழும் கிருமியைச் சில அணுக்கள் பிடித்து, டி அணுக்களுக்கு அடையாளம் காட்டும். அவை பி அணுக்களை உசுப்பிவிடும். பி அணுக்கள் பல மடங்காகப் பெருகி, கிருமியை எதிர்க்கும் பொருளைத் தயாரிக்கும். ஆள் பெருகி, ரத்தமும் பாய்ந்தால் சாவடி சிவந்து வீங்காமல் என்ன செய்யும்? நாம் நோய் என்று பயப்படுவதில் பெரும்பகுதி காவல்காரனின் உழைப்பு. பிள்ளைப் பருவத்தில்தான் அவனுக்கு வேலை அதிகம். பிறகு சதை தானே சுருங்கிவிடும்.

"அப்போ சும்மா விட்டுடலாமா?" என்றாள் தங்கை.

அதுவும் கூடாது. அடுத்த தெருப் பெண் ஒருத்தியை அவளுக்கே தெரியும். தொண்டை வலியைக் கவனிக்காமல் விட்டார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேல் உடம்பு எய்த அம்பு அவளுடைய இருதய வால்விலேயே பாய்ந்துவிட்டது. காலத்தில் பென்சிலின் கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாம். சில தொண்டைகளிலோ கிருமி குழிக்குள்ளேயே குடியேறிவிடும். சாவடியே திருடர் குகையாகிவிடும். அப்போது எடுக்கத்தான் வேண்டும். அதற்கும் டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் ஐந்தைந்து, மூன்று வருஷம் மும்மூன்று. தூக்கத்தில் மூச்சுத் திணறினாலும் யோசிக்க வேண்டும்.

தங்கை காலண்டரை எடுத்து வந்தாள். காய்ச்சல் வந்த நாளையெல்லாம் சுழித்து வைத்திருந்தாள். எண்ணினோம்: இந்த வருஷம் நான்கு, போன வருஷம் இரண்டு.

"டாக்டரும் பொறுத்துப் பார்க்கலாம்னுதான் சொன்னார்" என்று அப்போதுதான் மெல்லச் சொன்னாள். "எனக்குத்தான் அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து பயம்."

"பயப்படு, ஆனால் எண்ணிக்கொண்டே பயப்படு. காலண்டரை டாக்டரிடம் எடுத்துப் போ" என்றேன்.

பையன் என் தாடையைப் பிடித்தான்.

"தாத்தா, உங்க வாயைக் காட்டுங்க!"

காட்டினேன்.

"ஒண்ணுமே இல்லையே! காவல்காரங்க எங்கே?"

"1957-லேயே லீவு கொடுத்து அனுப்பிட்டாங்கடா. உன் ஆட்களை நீ பத்திரமா வச்சுக்கோ."