ஒரு கம்பியும் ஒரு கல்லும்



பங்குத் தந்தையின் கையில் ஜெபமாலையைக் கண்டு பழகியவர்கள், அதே கையில் ஸ்பேனரைக் கண்டால் நகைப்பது இயல்பே. ஆயினும், சென்ற கோடையில் எங்கள் பங்கு இல்லத்து வேப்பமரத்தடியில் நான் கற்ற பாடத்தை மறைத்து வைக்க மனமில்லை.

என்னிடம் பழைய மாருதி 800 கார் ஒன்று உள்ளது. 1983-இல் வெளிவரத் தொடங்கி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அரியலூர்ப் பக்கத்துச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாது செல்வதை அறிவீர்கள். அச்சாலைப் பள்ளங்களில் இறங்கும்போதெல்லாம் வண்டியின் முன்புறம் 'கடக், கடக்' என்று ஓசை எழுந்தது. பிரேக்கை அழுத்தினால் ஒரு பக்கமாக இழுத்தது.

பெரம்பலூர் மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷெல்லாம் தேஞ்சு போச்சு, சாமி" என்றார். கூலியை மிச்சப்படுத்த எண்ணி, ரப்பர் புஷ்களை மட்டும் வாங்கி வந்தேன்.

ஸ்டெபிலைசர் பார் என்பது நம் 'ப' எழுத்தைப் போல் வளைந்த எஃகுக் கம்பி. முன் சக்கரங்கள் இரண்டையும் இணைப்பது. வளைவில் வண்டி ஒருபுறம் சாயும்போது, அது முறுக்கேறிச் சாய்வைக் குறைக்கிறது. மாருதி 800 வண்டியிலோ, சக்கரம் முன்பின் நகராதபடி பிடித்து நிறுத்துவதும் அதுவே.

எங்கள் பாடற்குழு இளைஞன் ஒருவன் உதவிக்கு வந்தான். விதவைத் தாய்க்கு ஒரே மகன். எங்களிடம் இருந்தது ஒரே ஜாக்கி. ஒரு பக்கத்தைத் தூக்கி, மதில் கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக் கல்லை அடியில் வைத்து, ஜாக்கியை எடுத்து மறுபக்கத்திற்குக் கொண்டு சென்றேன். இளைஞன் தலையை உள்ளே நுழைத்தான்.

அவ்வேளை, ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், "தம்பி, வெளிய வாடா!" என்று கத்தினார். அவன் திகைத்து எழுந்த சில நொடிகளில் கல் இரண்டாகப் பிளந்தது. வண்டியின் முன்புறம் மண்ணில் இறங்கியது. "சுவத்துக்குத்தான் இந்தக் கல்லு, சாமி. ஒரே எடத்துல பாரம் அழுத்துனா சொல்லாம கொள்ளாம ஒடஞ்சிடும்" என்றார் அவர். என் நாவு உலர்ந்துவிட்டது.

மறுநாள் அவரே இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளுடன் வந்தார். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தின் இரு பக்கங்களையும் சம உயரத்தில் நிறுத்தினோம். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் கம்பி முறுக்கேறி நிற்கும். போல்ட்டுகள் எளிதில் கழன்று வாரா. முனைகளிலுள்ள ஸ்ப்ளிட் பின்களை உருவி, நட்டுகளையும் நடுப் பிடிகளையும் கழற்றி, கம்பியை முன்புறமாக இழுத்தோம். வாஷர்கள் இருந்த முறையைத் தாளில் வரைந்துகொண்டோம். புதிய புஷ்களுக்குச் சோப்பு நீர் தடவினோம். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். ஸ்ப்ளிட் பின்களும் புதியனவே இட்டோம்.

நான் நட்டுகளை இறுக்க முற்பட்டபோது பெரியவர் தடுத்தார். "தொங்கும்போது முழுசா முடுக்கக் கூடாது, சாமி. வண்டி தன் பாரத்தோட தரையில நிக்கட்டும்." தொங்குநிலையில் இறுக்கிய ரப்பர், வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியுமாம். அவ்வாறே செய்தோம். ஓசை நின்றது.

அடுத்த ஞாயிறன்று அவ்விளைஞனின் தாய், மகனுக்குத் தொழில் கற்பித்தமைக்கு நன்றி கூற வந்தார். நன்றியை ஏற்க என்னால் இயலவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர், "கூலிக்குக் காசு இல்லேன்னா எங்கிட்டக் கேளுங்க, சாமி" என்றார்.

பிளந்த கல்லின் ஒரு பாதியை என் மேசையருகே வைத்திருக்கிறேன். சிக்கனம் என்ற பெயரில் பிறர் உயிரைப் பணயம் வைக்கத் துணிந்த நாளை அது எனக்கு நினைவூட்டுகிறது.