என்னைவிட

பெங்களூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் நசரத்பேட்டையில் குடியிருப்பவர்களுக்குக் கடிகாரம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்துகளே மணி சொல்லிவிடும். அப்படி ஒரு பேருந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போன இரவில்தான் எங்கள் தெருவின் மூன்றாம் வீட்டு அக்கா என் வாசலில் வந்து நின்றார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். கையில் மகளின் பழைய கல்லூரி நோட்டு. பாதிக்குமேல் வெற்றுத்தாள்கள்.

"தம்பி, இதுல தப்பு இருந்தா திருத்திக் குடுங்க. சிரிக்கக் கூடாது."

பதினோரு ஆண்டுகளாகப் பொதி கட்டும் பிரிவில் வேலை. இப்போது அந்த வரிசைக்குத் தலைமைப் பொறுப்பு ஒன்று காலியாகிறது. சம்பளம் கொஞ்சம் கூடும். நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய ஆதாயம், ஏனென்றால் முழங்கால் வலி. ஆனால் ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் நான்கு வரி அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். நேர்காணலுக்கு ஐந்து வாரங்கள் இருந்தன.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வாக்கியங்கள். "ஐ ஆம் வெரி ஓல்ட் டு லேர்ன் இங்கிலீஷ்." "திஸ் பாக்ஸ் இஸ் வெரி ஹெவி டு லிஃப்ட்." "மை டாட்டர் இஸ் மோர் பெட்டர் தேன் மீ."

நான் ஆங்கிலம் கற்றது ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கண நூலில். (அந்த ரென், 1924இல் 'பியூ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிய அதே பி. சி. ரென்தான். பயிற்சி வாக்கியங்களில் அந்தச் சாகசத்தின் வாசனை துளியும் கிடையாது.) விதியைச் சொல், வெற்றிடத்தை நிரப்பு என்ற அந்த வழியிலேயே அக்காவிடமும் தொடங்கினேன். 'வெரி' வராது, 'டூ' வரவேண்டும் என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார்.

"'டூ ஹெவி டு லிஃப்ட்' என்றால் தூக்க முடியாத அளவுக்குக் கனம் என்று பொருள் அக்கா."

அவர் வாக்கியத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். "முடியாதுன்னு எங்க இருக்கு? 'நாட்'டே இல்லையே?"

முப்பது வருடங்களாக நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. ஆங்கிலத்தில் அந்தச் சின்னஞ்சிறு 'டூ'வுக்குள் ஓர் எதிர்மறை மூச்சுவிடாமல் பதுங்கியிருக்கிறது. தமிழில் எதிர்மறை அப்படி ஒளிவதில்லை. 'முடியாத', 'இல்லை', 'மாட்டேன்' என்று வினையின் உடம்பிலேயே வெளிப்படையாக ஏறி உட்கார்ந்திருக்கும். அளவைச் சொல்லும் ஒரு சொல்லே மறுத்தும் பேசும் என்று தமிழ்க்காது எதிர்பார்ப்பதில்லை. ஆகவே நம்மவர்கள் 'வெரி' போடுவது கவனக்குறைவு அன்று. தாய்மொழியின் நேர்மை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் தொழிற்சாலை அறிக்கையில் அந்த நேர்மை உதவாது. 'வெரி ஹெவி' என்று எழுதினால் படிப்பவர், பெட்டி கனம்தான், சிரமப்பட்டாவது தூக்கியிருப்பார்கள் என்று எண்ணிவிட்டுப் போய்விடுவார். 'டூ ஹெவி' என்றால்தான் தள்ளுவண்டி கேட்கிறார்கள் என்று புரியும். ஒரு சொல்லில் நாலு பேருடைய முதுகு இருக்கிறது. இதைச் சொன்னதும் அக்கா பிடித்துக்கொண்டார். பெட்டி வாக்கியத்தைத் தானே அடித்துத் திருத்தினார்.

அடுத்த வாரம் 'ஈஸி டு', 'ரெடி டு' வகை வாக்கியங்கள். "தி பாக்ஸ் இஸ் ஈஸி டு பேக்". "தி கேர்ள் இஸ் ரெடி டு பேக்". பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முதலாவதில் பெட்டி கட்டப்படுகிறது, இரண்டாவதில் பெண் கட்டுகிறாள். இவை போன்ற ஓர் இணையை வைத்துக்கொண்டுதான் 1960களில் நோம் சோம்ஸ்கி, வாக்கியத்தின் மேல்தோற்றத்தை மட்டும் பார்த்து அதன் உள்ளமைப்பைச் சொல்லிவிட முடியாது என்று வாதிட்டார். அவருக்குமுன் 1954இல் ஏ. எஸ். ஹார்ன்பி ஆங்கில வாக்கிய அமைப்புகளை வகைவகையாகப் பிரித்து ஒரு வழிகாட்டி நூலே எழுதியிருந்தார். அக்காவுக்கு இரண்டு பேரும் தேவைப்படவில்லை. "பெட்டியைக் கட்டுறது சுலபம். பொண்ணு கட்டுறதுக்குத் தயார். இதுல என்ன குழப்பம்?" உண்மைதான். தமிழில் பெட்டியோடு 'ஐ' உருபு ஒட்டிக்கொண்டதுமே யார் செய்கிறார், எது செய்யப்படுகிறது என்பது தெளிவாகிவிடுகிறது. எளிதாக இருப்பது பெட்டியன்று, கட்டும் செயல் என்பதும் தெரிந்துவிடுகிறது.

குழப்பம் ஒப்பீட்டில்தான் வந்தது.

'மோர் பெட்டர்' தவறு என்பதை அவர் ஏற்கவே இல்லை. நம் தெருத்தமிழில் 'பெட்டர்' என்பது 'நல்லது' என்பதற்கு மேல் ஒரு சுற்று; அதற்கும் மேலே போக 'இன்னும்' வேண்டாமா என்பது அவர் கட்சி. ஷேக்ஸ்பியர் நாடகங்களிலேயே இத்தகைய இரட்டை ஒப்பீடுகள் உண்டு. 1762இல் தம் இலக்கண நூலை வெளியிட்ட ராபர்ட் லோத் போன்றவர்கள்தாம் அவற்றைக் குற்றப் பட்டியலில் சேர்த்தார்கள். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஷேக்ஸ்பியர் பக்கம் சாய்ந்திருப்பார்.

தமிழில் பெயரடைக்கு ஒப்பீட்டு விகுதி கிடையாது. 'பெரிய' எப்போதும் 'பெரிய'தான். 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ஆங்கிலம் போன்ற மொழிகள் விகுதி சேர்த்து ஒப்பிடுகின்றன, திராவிட மொழிகளின் வழி வேறு என்று. தொல்காப்பியர் அந்த வேலையை ஐந்தாம் வேற்றுமையின் 'இன்' உருபிடம் ஒப்படைத்தார். ஒப்பிடத்தக்க பண்புகளுக்கு ஒரு நீண்ட பட்டியலும் தந்தார். நிறம், வடிவு, அளவு, சுவை, தட்பம், வெப்பம் எனத் தொடங்கும் அதில் முதுமையும் இளமையும்கூட உண்டு. இதில் ஒரு சுவாரசியம், 'தேனின் இனிய சொல்' என்றால் தேனைப்போல் இனியதா, தேனைக்காட்டிலும் இனியதா என்பதை உருபு சொல்லாது. உரையாசிரியர்கள் காக்கையின் கருமையையும் களாம்பழத்தின் கருமையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேசியிருக்கிறார்கள்; உவமப்பொரு, உறழ்பொரு என இரண்டாகப் பிரித்தும் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலம் 'ஆஸ்', 'தேன்' என்று இரு சொற்களில் வேலி போட்டுக்கொண்ட நிலத்தைப் பழந்தமிழ் ஒரே வயலாக உழுதிருக்கிறது.

இன்று நாம் 'இன்' சொல்வதில்லை. 'விட', 'காட்டிலும்', 'பார்க்கிலும்' என்கிறோம். மூன்றும் வினைகளிலிருந்து வந்தவை. அவற்றிலும் 'விட' என்பது 'விடு' என்பதன் செயவென் எச்சம். ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ் என்று நாம் மனனம் செய்தோமே, ஏறக்குறைய அதுதான். ஒருவரை உயர்த்திச் சொல்லத் தமிழ் மற்றவரை அங்கேயே விட்டுவிடச் சொல்கிறது. சிறுவயதில் 'உன்னைவிட அவன் கெட்டிக்காரன்' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த 'விட' எங்கே வலிக்கும் என்று தெரியும். நான் அந்த வகை. என் தம்பி கணக்கில் புலி.

அக்காவுக்கு வேறு விதம். "மை டாட்டர் இஸ் பெட்டர் தேன் மீ" என்று திருத்தி எழுதியபோது முகத்தில் அப்படியொரு நிறைவு. தன்னை விட்டுவிட்டு மகள் முன்னே போவதில் அவருக்கு ஆட்சேபமே இல்லை. ஆட்சேபம் வேறிடத்தில் இருந்தது. அதே பொறுப்புக்கு விண்ணப்பித்திருந்த இன்னொருத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், இவருக்குப் பின் ஆறு ஆண்டுகள் கழித்து வேலைக்குச் சேர்ந்தவள். "ஷி இஸ் ஜூனியர் தேன் மீ" என்று எழுதியிருந்தார். 'ஜூனியர்', 'சீனியர்' எல்லாம் லத்தீனிலிருந்து ஒப்பீட்டு விகுதியோடே வந்த சொற்கள், அவற்றுக்குப் பின் 'தேன்' வராது, 'டு' தான் வரும் என்றேன். "எது வந்தாலும் சரி, அவ ஜூனியர்தானே?" என்றார்.

நான்காம் வாரம், நோட்டைப் புரட்டியபோது முதல் பக்கத்து முதல் வாக்கியம் மட்டும் திருத்தப்படாமல் கிடந்ததைக் கவனித்தேன். "வெரி ஓல்ட் டு லேர்ன்." சிவப்பு மையால் 'வெரி'யை அடித்து 'டூ' என்று எழுதினேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்படின்னா, வயசாயிடுச்சு, இனிமே கத்துக்க முடியாதுன்னு அர்த்தமா தம்பி?"

"ஆமாம் அக்கா. இலக்கணப்படி அதுதான் சரி."

"அப்ப வேணாம். வெரியே இருக்கட்டும். வயசு நெறைய ஆயிடுச்சு, அவ்வளவுதான். முடியாதுன்னு நான் சொல்லலையே."

என் அடித்தலின் மேல் மறுபடியும் 'வெரி' என்று எழுதி, என் 'டூ'வை நீலப் பேனாவால் பூசி மறைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திருத்துபவனின் ஆணவம் நல்ல வேளையாக அந்த இரவு என்னிடம் இல்லை. இலக்கணம் படித்தவன் சரியென்று காட்டிய வாக்கியம் அவரைப் பொறுத்தவரை பொய்.

நேர்காணலில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றாம். பழைய முறை, புதிய முறை, இரண்டில் பொதி கட்ட எது வசதி என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்களாம். பதற்றத்தில் 'மோர் ஈஸியர்' என்று வந்துவிட்டதாகச் சொல்லி நெற்றியில் அடித்துக்கொண்டார். பத்து நாள் தகவல் இல்லை. அந்த நாட்களில் நாங்கள் இருவரும் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மழையைப் பற்றி, பூந்தமல்லிச் சந்தையில் வெங்காய விலையைப் பற்றிப் பேசினோம்.

பொறுப்பு அவருக்குத்தான் வந்தது. சென்ற வாரம் கைப்பேசியில் ஓர் அறிக்கையின் படத்தைக் காட்டினார், அனுப்பியாகிவிட்டதாம். "டூ பாக்ஸஸ் வேர் டூ ஹெவி டு லிஃப்ட். வீ யூஸ்ட் டிராலி." டிராலிக்கு முன் ஒரு 'அ' விடுபட்டிருக்கிறது. அதை இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லவேண்டும்.