பின்னர் இட்ட அடித்தளம்

அடித்தளம் இல்லாமல் வீடு கட்டலாமா என்பது நம் மக்கள் எளிதாகக் கேட்டுவிடும் கேள்வி. மேனிலைப் பள்ளியில் இயற்பியல் படிக்காத பிள்ளை பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், உற்றாரும் அயலாரும் அவன் காதுபட இக்கேள்வியையே கேட்கின்றனர். கேட்போரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் அப்பிள்ளைக்கு அது தீர்ப்பாகவே ஒலிக்கிறது.

இயற்பியல் இல்லாமல் பொறியியலில் சேர முடியுமா என வியப்போர் உண்டு. நமது மாநிலத்தில் பொதுப்பிரிவு மாணவர்க்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். கணிதத்திற்கு 100, மற்ற இரண்டிற்கும் 50 வீதம் என 200 மதிப்பெண்ணுக்கே தரவரிசை கணக்கிடப்படுகிறது. தொழிற்கல்விப் பிரிவில் பயின்றோர்க்கோ தனி வழி ஒன்று திறந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 14 பாடங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் எவையேனும் மூன்றைப் படித்தவர் பொறியியலில் சேரலாம், விடுபட்டதை இணைப்புப் பாடங்களால் ஈடுசெய்யலாம் என்று அது கூறியபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. இது கட்டாயமன்று, மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் தத்தம் விதிகளைத் தொடரலாம் என அக்குழுவே பின்னர் விளக்கமளித்தது. தொழிற்கல்விப் பிரிவிலிருந்து வந்து நம் கல்லூரிகளின் கடைசி இருக்கைகளில் முன்னரே அமர்ந்திருந்த பிள்ளைகளை, விவாதித்தவர்களுள் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தனரோ அறியோம்.

நமது பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் அத்தகையவன். தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. மேனிலை வகுப்பில் இயந்திரத் தொழிற்பிரிவை எடுத்து, தொடர்புப் பாடமாகக் கணிதம் பயின்றான். இயற்பியல் என அவன் கற்றதெல்லாம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இருந்தவையே. தாயின் சங்கிலியை அடகு வைத்து இயந்திரப் பொறியியலில் சேர்த்தனர். முதற்பருவத் தேர்வில் இயற்பியலில் தவறினான். படிப்பை விட்டுவிடட்டுமா என்று கேட்கத்தான் நம்மிடம் வந்தான்.

“இது உங்களுக்குப் பதினோராம் வகுப்பிலேயே தெரியும்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுறாங்க சாமி. எல்லாரும் தலையாட்டுவாங்க. நானும் ஆட்டிடுவேன்” என்றான்.

அவனுடைய துன்பம் முழுவதும் அந்தத் தலையசைப்பில் இருந்தது. தெரியாது என்று சொல்வதற்கும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் அன்றோ!

நாம் இயற்பியல் ஆசிரியரல்லர். எனினும், எது விளங்கவில்லை என்று கேட்டோம். தள்ளுகிற வரைக்கும்தானே வண்டி ஓடுகிறது, தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. அப்படியிருக்க, சீரான வேகத்தில் செல்லும் பொருளுக்கு விசையே தேவையில்லை என்று நூலில் எழுதியிருப்பது எப்படி என்றான். நமக்குச் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. குருமடத்தில் இயற்கை மெய்யியல் வகுப்பில் நாம் படித்த அரிஸ்டாட்டில் அல்லவா நம்முன் அமர்ந்து பேசுகிறார்! இயங்குவது எதுவாயினும் அதை இயக்குவது ஒன்று உடனிருக்க வேண்டும் என்பது அப்பேரறிஞரின் கொள்கை. கையைவிட்டு எறிந்த கல் ஏன் தொடர்ந்து செல்கிறது என்று கேட்டபோது, காற்றே அதைத் தள்ளிச் செல்கிறது என்று அவர் விடையிறுத்தார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ அறிஞர் யோவான் பிலோப்போனஸ் இதை மறுத்தார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த திருநிலையாளர் ழான் புரிதான் இன்னும் தெளிவாக மறுத்தார். கொல்லனுடைய சாணைச் சக்கரத்தைப் பாருங்கள் என்றார் அவர். கையை எடுத்த பின்னும் அது சுற்றுகிறது. இருந்த இடத்திலேயே சுற்றுவதால் பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது என்று சொல்லவும் வழியில்லை. தள்ளியவன் அதனுள் ஏதோ ஓர் உந்துதலைப் பதித்துவிட்டான் என்பது அவர் கண்ட விளக்கம். இன்றைய அறிவியல் இதையும் கடந்துவிட்டது. கலிலேயோவைக் கடந்து 1687இல் நியூட்டனின் நூல் வெளிவந்தபோதுதான் இயக்க விதிகள் இன்றைய வடிவத்தைப் பெற்றன.

மனித இனம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நடந்து கடந்த தொலைவு அது. மற்றப் பிள்ளைகளுக்கு அதற்காகப் பள்ளியில் ஈராண்டு கிடைத்தது. இவனுக்கோ ஒரு பருவம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. அவன் அறிவற்றவன் என்று எவ்வாறு சொல்வது?

சாணைச் சக்கரத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. “லேத்துலயும் சுவிட்சை அணைச்ச பிறகு சக் கொஞ்ச நேரம் சுத்தும் சாமி. நிக்கிறதுக்கு முன்னாடி கை வைக்கக் கூடாதுன்னு சார் அடிச்சு அடிச்சுச் சொல்லுவார்” என்றான். நிலைமம் என்ற சொல்லை அறியாமலே அதற்கு அஞ்சக் கற்றவன் அவன். இறுகிய போல்ட்டைக் கழற்ற ஸ்பேனரின் கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகுவதும் அவனுக்குப் பழக்கம். திருப்புத்திறன் என்று நூல் கூறுவது அதுவே. வகுப்பில் தலையாட்டியவர்களுள் பலர் லேத்தைத் தொட்டுப் பார்த்ததுமில்லை. அவனிடம் இல்லாதவை பெயர்களும் கணக்குகளும். சாய்வாகச் செல்லும் விசையைச் சைன், கொசைன் கொண்டு இரு கூறாகப் பிரிக்கும் முறை. பொருளைத் தனியே வரைந்து அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியிடும் பழக்கம். இவை பெரிய குறைகளே. வேண்டிக்கொண்டால் தேறிவிடுவாய் என்று அவனிடம் நாம் கூறவில்லை. அவ்வாறு கூறும் குருக்கள் மீது நமக்கு வருத்தம் உண்டு.

பங்கில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் உள்ளார். அவரிடம் அனுப்பினோம். கல்லூரி நூலை மூடிவைக்கச் சொல்லிவிட்டார் அவர். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதற்பாடமான இயக்க விதிகளில் தொடங்கி, பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியைத் தமிழிலேயே வரிசையாகப் படிக்கச் செய்தார். அளவீட்டியல், இயக்கவியல், இயக்க விதிகள், வேலை ஆற்றல் திறன் என ஞாயிறுதோறும் இரண்டாம் திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி அறையில் பாடம் நடந்தது. தமிழில் விளங்கிய பின்னரே ஆங்கிலச் சொல்லை எழுதவேண்டும் என்பது அவர் விதி. கல்லூரி மாணவன் பத்தாம் வகுப்பு நூலைக் கையில் ஏந்தி நம் தெருவில் நடப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நடந்தவனே அறிவான். முதற்சில வாரங்கள் நூலைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தான். பிறகு சுற்றுவதை நிறுத்திவிட்டான்.

அடித்தளக் கேள்வியை அவனுடைய பெரியப்பா ஒருநாள் நம்மிடமே கேட்டார். இங்கிலாந்தில் வின்செஸ்டர் என்னும் ஊரில் 1079இல் கட்டத் தொடங்கிய பேராலயம் ஒன்று உண்டு. (இன்று அது ஆங்கிலிக்கத் திருச்சபையினுடையது, அதனாலென்ன?) சதுப்பு மண்ணில் நின்ற அதன் சுவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாய்ந்து வெடித்தன. அடியில் தோண்டினால் ஊற்றுநீர் நிறைந்தது. நீரை இறைத்தாலோ சுவர் சரியும். எனவே வில்லியம் வாக்கர் என்னும் நீர்மூழ்கியாளர் 1906 முதல் 1911 வரை அக்குழிகளில் இறங்கி, கண் தெரியாத கலங்கல் நீரில் கையால் தடவித் தடவிக் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். அதன்பிறகே நீரை இறைத்துக் கொத்தனார்கள் செங்கல் வைத்தனர். எண்ணூறு ஆண்டுகளுக்குமேல் நின்ற கட்டடத்திற்கு அடித்தளம் பிற்பாடு இடப்பட்டது. பேராலயம் இன்றும் நிற்கிறது. பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, “அந்த ஆளுக்குக் கூலி என்ன கொடுத்தாங்க சாமி?” என்றார். நியாயமான கேள்விதான்.

இரண்டாம் முறை எழுதியபோது இளைஞன் இயற்பியலில் தேறினான். இயந்திரவியல் கணக்குப் பாடம் ஒன்று இன்னும் நிலுவையில் உள்ளது. விடுமுறையில் நகரின் லேத்துப் பட்டறை ஒன்றில் வேலை செய்து, தாயின் சங்கிலிக்கு வட்டி கட்டி வருகிறான்.