மறைக்க வேண்டியதும் காட்ட வேண்டியதும்



மத்ரஸாவில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரில் இரு வகையினர் உண்டு. ஒரு சாரார், பிள்ளை ஓத வேண்டும் என்னும் ஆவலோடு வருவர். மற்றொரு சாரார், எவர் சொல்லுக்கும் அடங்காத பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இனிமே இவன் உங்க பொறுப்பு ஹஜ்ரத், தோலை உரிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டோம்" என்று விட்டுச் செல்வர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வரும் நமக்கு, இரண்டாம் சாரார் பெருகி வருவதாகவே தோன்றுகிறது. மத்ரஸா தண்டனைக்கூடம் அன்று, மருத்துவமனையும் அன்று. அல்லாஹ்வின் வேதத்தைத் தண்டனையாக ஓத நேர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் அதனை எந்த மனத்தோடு கையில் எடுப்பான் என்பதை இப்பெற்றோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அஸருக்குப் பின் ஒரு தாய் தம் பதினாறு வயது மகனோடு வந்தார். (அவருடைய அனுமதியோடுதான் இதனை எழுதுகிறோம், ஊரையும் பெயரையும் விடுத்துள்ளோம்.) தந்தை வளைகுடாவில். மகன் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டான். வீட்டில் பூட்டி வைத்தால் ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், கால்களில் தாங்கொணா வலி, வயிற்றுப்போக்கு, இரவெல்லாம் உறக்கமின்மை. கண்ணேறு என்று கருதி, ஏழு நாள்கள் ஓதிய தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். துஆவின் சிறப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், அவன் உட்கொண்டு வந்தது ஓபியம் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி மாத்திரை. அதற்குப் பழகிய உடல், திடீரென அது கிடைக்காதபோது இவ்வாறுதான் துடிக்கும் என்பதைப் பின்னர் மருத்துவர் விளக்கினார்.

மருத்துவமனை என்ற சொல்லைக் கேட்டதும் அத்தாய் நடுங்கினார். "இவன் அக்காவுக்கு இப்பதான் நிச்சயம் ஆகியிருக்கு ஹஜ்ரத். வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?"

இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. குறைகளை மறைப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. பிறர் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் நற்செய்தியை நாமே எத்தனையோ முறை பயானில் எடுத்துரைத்திருக்கிறோம். ஆனால் எவரிடமிருந்து மறைப்பது? புண்ணுக்குத் துணி கட்டுவது ஈ மொய்க்காதிருக்க. வைத்தியர் வந்தபோதும் கட்டை அவிழ்க்க மாட்டேன் என்றால், உள்ளே சீழ்தான் பிடிக்கும். வம்பு பேசும் வாயிலிருந்து மறைப்பது வேறு. குணப்படுத்தும் கையிலிருந்து மறைப்பது வேறு.

அன்று மாலையே 14416 என்ற எண்ணை அத்தாயின் கைப்பேசியில் அழுத்திக் கொடுத்தோம். டெலி மானஸ் என்னும் இம்மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது; கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அடுத்த வாரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மூவருமாகச் சென்றோம். மாத்திரைகளோடு வாரம் ஒருமுறை ஆலோசனையும் தரப்பட்டது. ஆலோசகர் முதலில் மாற்றச் சொன்னது பையனை அன்று. வளைகுடாவிலிருந்து நாள்தோறும் வந்த வசைமொழிக் குரல் பதிவுகளை! "சாப்பிட்டியா, தூங்கினியா, அத மட்டும் கேளுங்க" என்று அவர் சொன்னதை அந்தத் தந்தை ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

மூன்றாம் மாதத்தில் அவன் மீண்டும் சறுக்கினான். தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மருத்துவரோ வியப்படையவில்லை, இந்நோயில் இது நேர்வதுதான், மருந்தை விட்டுவிடாதீர்கள் என்றார். அச்சறுக்கலின்போதுதான், கைப்பேசி பறித்த வழக்கில் வேறு இருவரோடு அவனும் பிடிபட்டான்.

இத்தகைய நேரத்தில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உள்ளன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அக்குழுமத்தில் ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் இருப்பர்; அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு. பிள்ளை துன்புறுத்தப்பட்டாலோ ஆதரவின்றி நின்றாலோ 1098க்கு எந்நேரமும் அழைக்கலாம். இவனுடைய வீட்டுக்கு வந்த நன்னடத்தை அலுவலர், படிப்பையும் சிகிச்சையையும் குடும்ப நிலையையும் பொறுமையாகக் கேட்டு அறிக்கை எழுதினார். குழுமம் அவனை மேற்பார்வைக்கும் ஆலோசனைக்கும் உட்படுத்தி வீட்டுக்கே அனுப்பியது.

அரசு அலுவலகங்களைப் பற்றி நமக்கும் மனக்குறைகள் உண்டு; மனநலப் பிரிவில் காத்திருந்த மணிகளை எண்ணினால் ஒரு ஜுஸ்உ ஓதி முடித்திருக்கலாம். எனினும் இவ்விவகாரத்தில் கைவிட்டது அவர்கள் அல்லர். மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய புகைப்படம் "எச்சரிக்கை" என்ற தலைப்போடு வலம் வந்தது. வழக்கில் சிக்கிய சிறுவரின் அடையாளத்தை எவ்வகை ஊடகத்திலும் வெளியிடுவதை அதே சட்டம் தடை செய்கிறது. 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் போர்த்திய போர்வையை, குறையை மறைக்கக் கற்ற சமுதாயம் உருவி எறிந்தது. அடுத்த ஜும்ஆவில் ஒருவர் தம் மகன்களை அவனருகிலிருந்து எழுப்பி வேறு வரிசைக்கு அழைத்துச் சென்றார். அதன் பின் அவன் பள்ளிவாசலுக்கு வரவில்லை.

விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்த இளைஞரின் செய்தி முஸ்னத் அஹ்மதில் இடம்பெற்றுள்ளது. சுற்றியிருந்தோர் அவரை அதட்டினர். நபியவர்களோ அருகே அழைத்து அமர வைத்தார்கள். இதனை உம் தாய்க்கு விரும்புவீரா, மகளுக்கு, சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பின் அவர் மீது கை வைத்து துஆச் செய்தார்கள். பாவம் பாவமே என்பதில் அங்கே எந்தத் தளர்வும் இல்லை. இளைஞரை எழுப்பி வேறு வரிசைக்கு அனுப்பவும் இல்லை.

இப்போது அவன் அரசு ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பழுதுநீக்கும் தொழில் கற்கிறான். மாதம் ஒருமுறை மருத்துவரைச் சந்திக்கிறான். அக்காவின் திருமணம் குறித்த நாளில் நடந்தேறியது, அல்ஹம்துலில்லாஹ். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டாரே உண்மையைச் சொல்லியிருந்தனர்.

கடந்த மாதம் ஜமாஅத் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைத்தோம். இத்தகைய குடும்பங்களோடு மருத்துவமனைக்கும் குழுமத்திற்கும் துணை செல்ல மூவர். அவர்களுள் ஒருவர் பெண். பயணச் செலவு பைத்துல்மாலிலிருந்து. சிறார் எவருடைய படத்தையும் ஜமாஅத் குழுவில் பகிரக் கூடாது என்பதும் அதில் அடக்கம். "அப்படியொரு குழு இருந்தால் நம் ஊரில் போதை இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகாதா?" என்று இருவர் மறுத்தனர். முடிவு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த கூட்டம் ரமளானுக்கு முன். அதற்குள் அவ்விருவரையும் ஒரு புதன்கிழமை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஒருவர் வரச் சம்மதித்துவிட்டார்.