ஒரு பயிற்சியும் ஒரு மன்னிப்பும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் அண்ணன் மகள் போன் செய்தாள். அவளும் தொடக்கப் பள்ளி ஆசிரியைதான். வட்டார வள மையத்தில் பயிற்சி. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டிருந்தாள்.

"அத்தை, காலையிலேர்ந்து திரையில ஓடுற எழுத்தை ஒருத்தர் அப்படியே வாசிச்சுட்டு இருக்கார். எங்களுக்குப் படிக்கத் தெரியாதா? கையில டேப் இருக்கு. அதை எங்களைத் தொட விட்டாத்தானே பழக முடியும்? நீங்க எப்படித்தான் இத்தனை வருஷம் இதுல எல்லாம் உக்காந்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1988-ல் வேலையில் சேர்ந்து 2023-ல் ஓய்வு பெறும் வரை நான் உட்கார்ந்த பயிற்சிகளுக்குக் கணக்கே இல்லை. வருகைக் கையெழுத்து, பதினோரு மணி டீ, சார்ட், ஸ்கெட்ச் பேனா, ஐந்து ஐந்து பேராகக் குழு, "குழுத் தலைவர் முன்னால் வந்து விளக்கவும்". பாதிக்கு மேல் மறந்துவிட்டது. ஆனால் மறக்கவே முடியாதவை சில உண்டு. அதைத்தான் அன்று மாலை அவளுக்குச் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1999 முதல் 2002 வரை என்னிடம் ஒரு பையன் படித்தான். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு வகுப்புகள் ஓர் ஆசிரியருக்கு. மூன்று, நான்கு, ஐந்து எனக்கு. மூன்று வருடமும் அவன் என் வகுப்பில்தான் இருந்தான். மனக்கணக்கில் கெட்டிக்காரன். அவன் அப்பா வாரச்சந்தையில் ஆடு விற்பவர். ஆட்டு விலை சொன்னால் மூன்று ஆட்டுக்கு, ஏழு ஆட்டுக்கு என்று நொடியில் சொல்வான். ஆனால் படிக்கத் தெரியாது.

இது எனக்கு உடனே பிடிபடவில்லை. பக்கத்துப் பையன் வாசிப்பதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பிப்பான். வாய் சரியாகச் சொல்லும், விரல் வேறு வரியில் இருக்கும். ஒருநாள் கவனித்தேன். "விரல் வெச்சுப் படி" என்றேன். நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்தேன். பொறுமை போய்விட்டது. அவன் கையிலிருந்த புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கி, நானே கடகடவென்று வாசித்துக் காட்டினேன். "இவ்வளவுதான். இதுல என்னடா கஷ்டம்?" என்று சொல்லிப் புத்தகத்தை அவன் கையில் திணித்தேன். வகுப்பே சிரித்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாள்களில் அவனைக் குடத்தைக் கொடுத்துத் தண்ணீர் எடுத்து வர அனுப்பிவிடுவேன். அவனும் சந்தோஷமாக ஓடுவான். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் தேர்ச்சி போட்டு அனுப்பிவிட்டேன். ஆறாம் வகுப்பில் சில மாதங்கள்தான் போனானாம். அப்புறம் நின்றுவிட்டான்.

இதற்கெல்லாம் முன்னால், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ராத்திரிகளில் அரிக்கேன் வெளிச்சத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டார்கள். என் அம்மா வயது ஆத்தாக்கள் ஒரு 'ப' போடக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். பேசாமல் காத்திருப்பேன். அவர்கள் கையிலிருந்து பலப்பத்தைப் பிடுங்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வயதுக்குக் கொடுத்த மரியாதையை ஒன்பது வயதுப் பையனுக்குக் கொடுக்கவில்லை. அப்போது அது உறைக்கவும் இல்லை.

உறைத்தது 2007-ல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முதலில் நடந்த செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதற்கும் வந்த நேரம். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் அடிப்பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதக் கரும்பலகை அடித்தார்கள். அட்டைகள், கற்றல் ஏணி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படி ஏறும் முறை. எங்களில் பலருக்கு எரிச்சல். "தரையில உக்காரவா பி.எட். படிச்சோம்?" என்று கேட்டவர்களும் உண்டு.

அந்தப் பயிற்சியில் ஓர் அம்மா கருத்தாளராக வந்தார். எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் வட்டம், முக்கோணம், கோடு, புள்ளி. ஒவ்வொன்றும் ஒரு தமிழ் எழுத்து. எது எந்த எழுத்து என்று கரும்பலகையில் ஐந்து நிமிடம் எழுதிப் போட்டார். அழித்தார். "நீங்க எழுந்து வாசிங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நாற்பது பேர் இருந்த அறை. இரண்டு எழுத்து வந்தது. மூன்றாவது வரவில்லை. "சீக்கிரம், சீக்கிரம். இப்பதானே சொல்லிக் குடுத்தேன்?" என்றார். தொண்டை வறண்டுவிட்டது. பக்கத்தில் இருந்த டீச்சர் மெல்ல ஏதோ முணுமுணுத்தார். அதைக் கேட்டு, நானே வாசிப்பதுபோல் சொல்லிவிட்டேன். அந்த அம்மா நேராக வந்து என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, கடகடவென்று வாசித்தார். "இவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் தாளை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். "சும்மா ஒரு பயிற்சிக்குத்தான் செஞ்சேன். இப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு, சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், அடுத்து எழுந்து நிற்க வேண்டிய சார் சொன்னார்: "வீட்டுக்குப் போயிடணும்னு தோணுச்சும்மா."

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடமும், அதைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையனும்தான் கண் முன்னால் வந்தார்கள். பக்கத்துக் குரலைக் காதில் வாங்கி ஒப்பித்தானே, அதையேதான் நானும் இப்போது செய்தேன். நாற்பத்து நான்கு வயது ஆசிரியைக்கே அவமானத்திலிருந்து தப்பிக்க வேறு வழி தெரியவில்லை.

அடுத்த பாடத்தைக் கணினி சொல்லிக் கொடுத்தது. அதே காலத்தில் எங்களுக்குக் கணினிப் பயிற்சி என்று அழைத்தார்கள். மவுஸைப் பிடித்தால் திரையில் அம்புக்குறி எங்கோ ஓடும். சொல்லிக் கொடுக்க வந்த தம்பிக்கு அவசரம். "நகருங்க மேடம், நான் பண்றேன்" என்று மவுஸை வாங்கி, நாலு தட்டுத் தட்டி, "அவ்ளோதான், புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது" என்றேன். எதுவும் புரியவில்லை. அப்புறம் எந்தக் கணினிக்குப் பக்கத்திலும் நான் போகவில்லை. பள்ளிக்கு ஒரு கணினி வந்தபோது துணி போட்டு மூடி வைத்தேன். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்ததுதான் நான் அதற்குச் செய்த ஒரே வேலை.

பிடுங்கினால் பிள்ளை மட்டுமல்ல, டீச்சரும் நின்றுவிடுவாள்.

2018-ல் புதுப் பாடப்புத்தகங்கள் வந்தன. பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் குறியீடு. போனைக் காட்டினால் பாட்டு, படம், விளக்கம் எல்லாம் வரும் என்றார்கள். எனக்குப் போனில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் தவிர வேறு தெரியாது. அந்த வருடம் எங்கள் பள்ளிக்கு மாறுதலில் வந்திருந்த இளம் ஆசிரியைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. என் மகள் வயது. ஒரு சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, என் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டது.

"நீங்களே அமுக்குங்கக்கா. தப்பாப் போனா திரும்பி வந்துக்கலாம்."

தப்பாகத்தான் போனது. நாலு தடவை போனது. ஒரு தடவை யாருக்கோ கால் போய்விட்டது. அந்தப் பெண் சிரித்ததே தவிர, கட்டிய கையை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை திரையில் படம் ஓடியது. அன்றைக்கு எனக்கு வயது ஐம்பத்தைந்து. இந்தப் பதிவை நானே தட்டச்சு செய்கிறேன் என்றால், அந்தக் கட்டிய கைகள்தான் காரணம்.

அப்புறம் கொரோனா. பள்ளி மூடிக் கிடந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. வாட்ஸப்பில் வீட்டுப்பாடம் போட்டோம். வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்கிற பிள்ளைகள் பாதி. 2021 நவம்பர் 1-ல் சின்ன வகுப்புகள் திறந்தபோது, ஒன்றாம் வகுப்பையே பள்ளியில் பார்க்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. வகுப்பை வைத்து அல்ல, பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அதற்கும் பயிற்சி போனேன். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது பயிற்சி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். போனது நல்லதாகப் போயிற்று.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, அரும்பு நிலை. 'தேனீ தேன் தேடியது' என்று எழுதியிருந்ததை 'தெனீ தென் தெடியது' என்று படித்தாள். பழைய நான் என்றால் அங்கேயே குறுக்கே விழுந்து திருத்தியிருப்பேன். அன்று என் போனில் அவள் படிப்பதைப் பதிவு செய்து அவளிடமே கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தன் குரலைக் கேட்டு முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தாள். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே எழுத்தில் விரல் வைத்தாள். மூன்றாம் தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், இது ரெட்டக் கொம்பு! நான் ஒத்தக் கொம்பாப் படிச்சுட்டேன்!"

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருட வேலையில் நான் நன்றாகச் சொல்லிக் கொடுத்த நாள்களில் அதுவும் ஒன்று. அந்தப் போன் விலை உயர்ந்ததும் இல்லை. அதில் இருந்தது எல்லாப் போனிலும் இருக்கிற ஒலிப்பதிவுதான்.

இனி, அண்ணன் மகளிடம் சொல்லாமல் விட்டது.

அந்தப் பையன் இப்போது சொந்தமாகச் சரக்கு ஆட்டோ வைத்திருக்கிறான். மூன்று வருடமாக என்னோடு வாட்ஸப்பில் இருக்கிறான். பொங்கல், தீபாவளி, ஆசிரியர் தினம் தவறாமல் அவனிடமிருந்து வாழ்த்து வரும். எப்போதும் குரலில்தான் வரும். நான் பக்கம் பக்கமாகப் பதில் தட்டுவேன். அவன் ஒரு கும்பிடு படம் போடுவான். நான் கேட்ட கேள்விக்குப் பதிலே வராது. 'வேலை அதிகம் போல' என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு மாதம் முன்னால்தான் மண்டையில் உறைத்தது. நான் எழுதியது எதையும் அவன் படிக்கவில்லை. படிக்க முடியவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். புத்தகத்தைப் பிடுங்கியதையும் குடத்தையும் சொல்லி, மன்னித்துவிடு என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: "டீச்சர், தண்ணி எடுக்கப் போனது எனக்குச் சந்தோசந்தான். அந்தப் புத்தகத்தைப் புடுங்குனீங்க பாருங்க, அதுதான் இன்னும் ஞாபகம் இருக்கு."

சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் வருகிறான். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவன் மகளும் பக்கத்தில் உட்காருகிறாள். ட, ப, ம என்று தொடங்கி, படம், பட்டம், மடம் வரை வந்திருக்கிறோம். அவன் திணறும்போது மகள் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடப் பார்க்கிறாள். "பாப்பா, கையைக் கட்டிக்கிட்டு அப்பாவுக்காகக் காத்திருக்கணும்" என்கிறேன். அவளும் கட்டிக்கொள்கிறாள். இரண்டு வாரமாக அவன் வேலை காரணமாக வரவில்லை. வருவான் என்று போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் மாணவர்களில் ஆசிரியர் ஆனவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பயிற்சிக்குப் போகச் சலித்துக்கொள்ளாதீர்கள். மோசமான பயிற்சி என்றாலும், 'தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்' என்பதையாவது அது ஞாபகப்படுத்தும். தினமும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு நிமிடம் குறுக்கே பேசாமல் அது வாசிப்பதைக் கேளுங்கள். டேப் வந்தாலும் ஸ்மார்ட் போர்டு வந்தாலும், அதைத் தொடும் விரல் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

உங்களில் வேறு யாரிடமிருந்தாவது நான் அப்படிப் புத்தகத்தைப் பிடுங்கியிருந்தால், எனக்குச் சொல்லுங்கள். எழுத வேண்டியதில்லை. குரலில் சொன்னாலும் கேட்கிறேன்.

இதை முழுவதும் வாசித்து, குரல் பதிவாக அவனுக்கு அனுப்பினேன். போடலாமா என்று கேட்டேன். இன்று காலை பதில் வந்தது:

"பேர் மட்டும் போட்டுறாதீங்க டீச்சர். மத்தது எல்லாம் போடுங்க. கொஞ்ச நாள் கழிச்சு நானே படிச்சுக்கிறேன்."

அன்புடன்,
உங்கள் டீச்சர்